பெரட்டுக்குக் கூப்பிட்ட பியானோ

என் வலது கை சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையிலும் பிழையில்லை. பிழை எல்லாம் சன்னலுக்கு வெளியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நாலரை மணி இருக்கும். துரை பங்களாவின் பெரிய அறையில் பதினைந்து விருந்தாளிகள் தேநீர்க் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எட்டு மாத வயிற்றோடு பியானோ முன்னால் இருக்கிறேன். தற்செயலாகச் சன்னல் பக்கம் பார்த்தால், ஆட்கள் மேட்டில் ஏறி வருகிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் காலியாகி, லயம் லயமாக வருகிறார்கள். தலையில் கம்பளி, ஒரு கையில் றப்பர் பால்வாளி, இன்னொரு கையில் மரத்தைச் சீவும் கத்தி.

வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாட்டு பாதியில் நின்றால் என் புருஷன் வீடு வந்து சேரமாட்டார் என்று பயந்தேன். அதனால் இன்னும் பலமாக வாசித்தேன். பலமாக வாசிக்க வாசிக்க இன்னும் ஆள் வந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் பள்ளிக்கூடக் கூரை காற்றில் பறந்த கதையை எழுதும்போது, போகிற போக்கில் "என் வீட்டுக்காரர் அப்போது உள்ளே இருந்தார்" என்று எழுதிவிட்டேன். "உள்ளே என்றால் எங்கே எஸ்தர் டீச்சர், கிணற்றுக்குள்ளா?" என்று ரம்புக்கனையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். கிணறு இல்லை அம்மா, ஜெயில். மறைக்க அதில் ஒன்றுமில்லை. அவர் திருடவில்லை, நோட்டீஸ் கொடுத்தார்.

சுதி கூட்டுகிறவர்

என் வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. யட்டியாந்தோட்டைக்கு மேலே, சங்கிலிப்பாலத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் கொழும்புக்கு ஓடிப்போய் ஒரு வாத்தியக் கடையில் தூசி தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். தட்டிய தூசிக்குக் கீழே பியானோ இருந்ததால், அதைக் கழற்றிப் பூட்டவும் சுதி கூட்டவும் கற்றுக்கொண்டார். அதை வாசிக்கவும் சுரம் எழுதவும் கற்றது கடைக்காரருக்குத் தெரியாமல்.

எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கழற்றி வைத்த செருப்பில் காளான் முளைக்கும். பியானோ என்ன பாடு படும்? கட்டைகள் ஊதிப்போய், அழுத்தினால் எழும்பாது. கம்பி துருவேறும். உள்ளே கரப்பான் குடும்பம் நடத்தும். ருவான்வெல்லையிலிருந்து மாவனல்லை வரை எந்தப் பங்களாவில் பியானோ இருமினாலும் சவரிமுத்துவுக்குத்தான் ஆள் வரும்.

பியானோவின் வயிற்றுக்குள் அவர் கண்டெடுத்த சாமான்களை மட்டும் எழுதினால் இந்தத் தொடர் ஆறு மாதம் ஓடும். ஒரு துரைசாணி தொலைத்த மோதிரத்தை எடுத்திருக்கிறார். துரைசாணிக்குத் தெரியாமல் ஒரு துரை ஒளித்துவைத்த விஸ்கிப் போத்தலும் கிடைத்திருக்கிறது. போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டதாகச் சொல்வார். வைக்கும்போது கொஞ்சம் குறைந்திருந்ததை நான் துருவிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பங்களா பங்களாவாகப் போனாலும் லயத்துப் பிள்ளை என்கிற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை. அந்த நாட்களில் கொழும்பில் சிலர் தோட்டத்து ஆட்களுக்காகச் சங்கம் வைக்கப் பார்த்தார்கள். நோட்டீஸ் அச்சடித்தார்கள். அச்சடித்து என்ன? தோட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டுமே. காவல்காரன் அரிசி மூட்டையைக்கூட உதறிப் பார்ப்பான்.

துரை வீட்டுக்குப் பியானோ பார்க்கப் போகிறவரின் கருவிப் பெட்டியை மட்டும் எவனும் தொடமாட்டான். சவரிமுத்து நோட்டீஸ் கட்டைப் பெட்டியில் கொண்டுபோய்ப் பியானோவின் அடிப்பலகைக்குள் வைத்துவிடுவார். பங்களா வேலையாட்களில் நம்பிக்கையான ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து லயத்துக்கு அனுப்புவார். துரையின் வீட்டில் துரையின் பியானோவைவிடப் பத்திரமான இடம் வேறென்ன இருக்கிறது?

மாட்டிக்கொண்டது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில். நோட்டீஸ் கட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. துரைசாணி வாசித்தபோது சத்தம் சளிபிடித்த மாதிரி வந்திருக்கிறது. பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள். அங்கே ஆபிசில் கணக்கெழுதும் கிளாக்கர் ஒருவர் நல்ல மனிதர். ஆள் அனுப்பி, "பியானோ சத்தம் சரியில்ல, வேல மோசம்னு சொல்லி ஒங்களக் கூப்புடப் போறாங்க. வராதீங்க, எங்கயாச்சும் போயிருங்க" என்று சொல்லிவிட்டார்.

இவர் காதில் விழுந்தது பாதிதான்.

"வேல மோசம்னு சொல்லிட்டாங்களே புள்ள! அத மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டு ஓடிர்றேன்."

போனார். பியானோவுக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர்கள் இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, பியானோவைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் அவர்களோடு போயிருக்கிறார்.

ஆட்களைக் கூட்டினார், கிளப்பிவிட்டார் என்று ஒரு வருஷம் போட்டார்கள். அவர் ஆற்றங்கரையில் கூட்டிய கூட்டத்துக்கு வந்தது மொத்தம் முப்பது பேர். அதில் ஐந்து பேர் மீன் பிடிக்க வந்தவர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்

அவரைக் கொண்டுபோனபோது எனக்கு இரண்டு மாதம்.

அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அன்றைக்கு அவர் பலாங்கொடைப் பக்கம் பியானோ பார்க்கப் போயிருந்தார். வழியெல்லாம் வெள்ளம். அவர் வந்து சேர மூன்று நாளாகிவிட்டது. பிள்ளை ஒரு நாள்தான் இருந்தது. அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இதை எழுதும்போது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அதனால் இந்த முறை எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிள்ளை பிறக்கும்போது அவர் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் பிள்ளை பிறந்து குப்புற விழுந்து தலையும் தூக்கிவிடும். எப்படியாவது முன்னாலேயே அவரை வெளியே எடுக்க வேண்டும்.

தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதம் எதுவானாலும் முதலில் துரை ஆபிசில்தான் திறக்கப்படும். அதனால் அவர் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானாவின் விலாசத்துக்கு எழுதினார். ஒரு சந்தை நாளில் நானா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"டீச்சர் புள்ள, மாப்புளட காயிதம் வந்தீக்கு. ஆனா எழுத்த ஒண்டும் காணல்ல. எல்லாம் புள்ளி புள்ளியாக் கெடக்கு."

வாங்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை, பாட்டு. அவர் பியானோவுக்காக ஒரு பாட்டு எழுதியிருந்தார்.

ஜெயிலில் ஏது பியானோ? படுக்கிற பலகையில் கரியால் கட்டை கட்டையாகக் கோடு போட்டு, அதில் விரலை ஓட்டி ஓட்டி எழுதியிருக்கிறார். பக்கத்துப் படுக்கையில் மாடு திருடிவிட்டு வந்த கேகாலைக்காரர் ஒருவர். அவர்தான் முதல் ரசிகர். சத்தமே வராத பலகையைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று தலையாட்டுவாராம். நன்றாகத்தான் இருக்கிறதாம்.

கடிதங்களைப் பார்க்கும் ஜெயில் உத்தியோகத்தர் இது ஏதோ ரகசிய எழுத்து என்று சந்தேகப்பட்டு, கைதிகளைப் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் காட்டியிருக்கிறார். பாதிரியார் முணுமுணுத்துப் பார்த்து, வெறும் பாட்டுதான் என்று சொல்லிவிட்டார். பாட்டு தப்பித்தது. அதன் தலைமாட்டில் தமிழில் இருந்த இரண்டு வரி தப்பவில்லை. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்பு மையால் பூசிவிட்டார்கள்.

நான் கண்டியில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். பியானோ அங்கே படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்த பிறகு, சனிக்கிழமைகளில் எங்கள் துரைசாணிக்குத் துணையாக வாசிக்கக் கூப்பிடுவார்கள். அவர் ஜெயிலுக்குப் போனபோது துரை என்னையும் அனுப்பிவிடத்தான் பார்த்தார். "பிறகு என்னோடு யார் வாசிப்பது?" என்று துரைசாணி ஒரே பிடியாக நின்றதால் தப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை, துரைசாணி குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தத் தாளை விரித்தேன். இடது கைப் பகுதியைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

டண் டண் டடக்கு, டண் டண் டடக்கு. பெரட்டுத் தப்பு!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் விடிகிறதுக்கு முன்னால் தப்பு மேளம் அடிப்பார்கள். அதைக் கேட்டதும் லயமே எழும்பி, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு, ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். நின்றால்தான் வேலை. காய்ச்சலில் கிடப்பவன்கூட அந்த அடியைக் கேட்டால் காலைத் தரையில் ஊன்றிவிடுவான்.

மனிதர் ஜெயிலுக்குப் போயும் குறும்பை விடவில்லை, துரை வீட்டுப் பியானோவிலேயே பெரட்டுத் தப்பை ஏற்றிவிட்டார் என்று நினைத்தேன். எந்த வேகத்தில் வாசிப்பது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பெரட்டு வேகம்தான், வேறென்ன? தப்பை மெதுவாக அடிக்கலாம் என்று தோட்டத்தில் சோறு தின்ற எவருக்குத் தோன்றும்?

வெளியே வருவது குறைவு

எனக்கு எட்டாவது மாதம் நடந்தபோது துரைசாணி ஒரு தேநீர் விருந்து வைத்தார். இரத்தினபுரியிலிருந்து நரைத்த தலையுள்ள பெரிய அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்றார். ஜெயில்களைப் போய்ப் பார்த்து, யாரை முன்னதாக விடலாம் என்று எழுதிக் கொடுப்பதும் அவர் வேலைகளில் ஒன்று என்று துரை சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

அவ்வளவுதான், என் திட்டம் தயாராகிவிட்டது. அந்தப் பாட்டை வாசிப்பது. அதிகாரி உருகுவார். உருகியதும் விஷயத்தைச் சொல்லிவிடுவது.

"புதுப் பாட்டு ஒன்று வாசிக்கட்டுமா?" என்று துரைசாணியிடம் கேட்டேன்.

"யார் எழுதியது?"

"ஒருவர் இருக்கிறார் அம்மா. இப்போதெல்லாம் வெளியே வருவது குறைவு."

"பெரிய கலைஞர்கள் அப்படித்தான்" என்றார் துரைசாணி, மரியாதையோடு.

மழைக்காலமாக இருந்ததால் அதுவரை எல்லாச் சன்னலும் சாத்தித்தான் இருந்தது. நான் பழகியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. விருந்தன்று பார்த்து வானம் வெளுத்து, வெயில் அடித்தது. சன்னல்களை விரியத் திறந்து வைத்தார்கள்.

பங்களாவின் பின்கட்டில் சமையல்காரரான குசினி அப்புவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார் முனியாண்டி. தோட்டத்துப் பெரட்டுத் தப்பை அடிப்பவர் அவர்தான், அவருடைய அப்பாவுக்குப் பிறகு. நான் வாசிக்கத் தொடங்கியதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாராம். இதெல்லாம் அப்பு பிறகு சொன்னது.

"தொரை பெரட்டுச் சொல்றாருங்க."

"பிஸ்ஸுத? இன்னிக்கி ஞாயிறுதானே!" என்றார் அப்பு. பைத்தியமா என்று கேட்கிறார், சிங்களவர்.

"போன மாசங்கூட மழையில வேல நின்னுபோச்சுன்னு ஞாயித்துக்கெழம பெரட்டு வச்சாங்கல்ல? அடிச்சா போகணுங்க. ஏன் எதுக்குன்னு நம்ம கேக்க முடியுமா?"

பின்கட்டில் மாட்டியிருந்த தப்பை எடுத்துக் குசினி அடுப்பிலேயே காய்ச்சி, மேட்டில் போய் நின்று அடித்திருக்கிறார். உள்ளே நான் அடிக்க, வெளியே அவர் அடிக்க, இரண்டும் ஒரே கணக்கில் விழுந்ததால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. இன்றைக்குப் பியானோ என்னமாய்ப் பேசுகிறது என்று பூரித்துப்போனேன்.

"எந்த மலைங்க?"

இப்படித்தான் அந்த ஞாயிறு நாலரை மணிக்கு முந்நூறு பேர் கத்தியோடு மேட்டில் ஏறி வந்தார்கள்.

குசினி அப்பு ஓடிவந்து கதவில் நின்று, "அனே நோனா, மினிஸ்ஸு எனவா! ஒக்கொம எனவா!" என்று கத்தினார். ஐயோ அம்மா, மனிதர்கள் வருகிறார்கள், எல்லோரும் வருகிறார்கள். அதற்குள் விருந்தாளிகளும் பார்த்துவிட்டார்கள். ஒரு சீமாட்டி பியானோவுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். என் கை அப்போதுதான் நின்றது.

கோட்டும் தலைப்பாகையும் குடையுமாகப் பெரிய கங்காணி வாசலுக்கு வந்தார்.

"சலாங்க தொரை. ஆளுங்க எல்லாம் வேலைக்கு வந்தாச்சுங்க. எந்த மலைங்க?"

துரையின் முகம் வெற்றிலைச்சாறு நிறத்துக்கு மாறியது. "என்ன மலை? யார் சொன்னது பெரட்டு?"

கங்காணி முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பணிவாகச் சன்னலைக் காட்டினார்.

"உள்ளாருந்து தாங்க வந்துச்சு. தொரை அடிச்சீங்க, நானும் அடிச்சேங்க."

முப்பது பேரைக் கூட்டியதற்கு ஒரு வருஷம் என்றால் முந்நூறு பேருக்குப் பத்து வருஷம். பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடமே போய்விடும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று புருஷன் தலையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

துரை ஆட்களைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். விருந்தாளிகளின் முன்னால், என் பியானோ என் ஆட்களை எனக்குத் தெரியாமல் கூப்பிட்டுவிட்டது என்று எந்தத் துரை சொல்வான்?

"பாட்டு கேக்கக் கூப்பிட்டது" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாம் ஒக்காரு. கேளு. அப்புறம் போ."

காக்கா இறங்கினாலே விரட்ட ஆள் வைத்திருந்த அந்தப் புல்தரையில் முந்நூறு பேரும் வாளியும் கத்தியுமாக உட்கார்ந்தார்கள். நான் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. முனியாண்டியின் விரல்கள் சும்மா இருக்க முடியாமல் தப்பின் விளிம்பில் துடிப்பதைப் பார்த்தேன். கங்காணி ஒரே ஒரு முறை திரும்பி அவரை முறைத்தார்.

அதிகாரி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் பார்த்தது என் விரலை அல்ல, தாளின் மூலையில் இருந்த முத்திரையை. ஜெயில் முத்திரையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாகாணத்தில் யாருமில்லை.

"இதை எழுதியது யார்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து நின்றேன்.

"என் புருஷன், ஐயா. உங்கள் ஜெயிலில்தான் இருக்கிறார். பிள்ளை அடுத்த மாதம் பிறக்கும். முன்னால் ஒன்று பிறந்து செத்துப்போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. இதையாவது பார்க்க வேண்டும்."

துரைசாணி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வெளியே வருவது குறைவு என்றாயே!"

"குறைவுதான் அம்மா" என்றேன்.

அதிகாரி துரையின் பக்கம் திரும்பி, அந்த ஆளின் கூட்டத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். முப்பது என்றார் துரை. அதிகாரி புல்தரையை ஒருமுறை கண்ணால் அளந்தார்.

"வெளியே இருந்தபோது முப்பது. உள்ளே போன பிறகு முந்நூறு. இவனை இனியும் உள்ளே வைத்திருப்பது யாருக்கு நல்லது?"

அதிகாரி கேக் சாப்பிடப் போய்விட்டார்.

ரொம்ப மெதுவாக

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. நம்பிக்கையை விட்டுவிட்டேன். முனியாண்டி தினமும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா, அது பெரட்டுத் தப்புதாங்க, நான் அறியாததா?" என்பார். மன்னிப்பு கேட்க வந்தவரா வழக்காட வந்தவரா என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு மழைநாள், மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சவரிமுத்து நனைந்துகொண்டு வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓவென்று அழுதேன். எனக்கு அதில் வெட்கமே இல்லை.

அந்தச் சனிக்கிழமையே துரைசாணி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எழுதியவருக்கே அவர் பாட்டை வாசித்துக் காட்ட வேண்டுமாம். துரை எல்லாச் சன்னலையும் சாத்தச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று முனியாண்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாக அனுப்பிவிட்டார்.

தன் பாட்டைச் சவரிமுத்து சத்தமாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. நாலு வரி போவதற்குள் என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன புள்ள இது? நாய் தொரத்துன மாதிரி வாசிக்கிற?"

"பெரட்டுத் தப்பு தானே?"

"தப்பு தான். ஆனா தாலாட்டு. மேல எழுதியிருந்தேனே!"

மை பூசிய இடத்தைக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அங்கே எழுதியிருந்தது இதுதானாம்: ரொம்ப மெதுவாக வாசிக்கவும். கேட்கிற யாரும் எழும்பக் கூடாது.

"நெதமும் விடியக் காலையில படுத்துக்கிட்டே நெனப்பேன்" என்றார். "இப்ப அங்க தப்பு அடிப்பான். எஸ்தரு வயித்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பா. அதே தப்ப மெள்ள அடிச்சா நீ இன்னுங் கொஞ்சம் படுத்துக்கலாமேன்னு தோணுச்சு. நம்ம புள்ளைக்கும் அது தூங்குற சத்தமா இருக்கட்டுமேன்னு எழுதுனேன்."

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வயிறு இடித்ததில் இரண்டு கையையும் நீட்டி வெகுநேரம் உட்கார முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை எடுத்துக்கொண்டார், நான் வலது கையை வாசித்தேன். அவர் சொன்ன வேகத்தில் போனோம். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காவலுக்கு உட்கார்ந்திருந்த துரை நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து எனக்கு வலி எடுத்தது. அவர் வாசலை விட்டு ஓரடி நகரவில்லை. மருத்துவச்சி பெண்பிள்ளையை அவர் கையில் கொடுத்தபோது கிழக்கு வெளுக்கிற நேரம். கீழே முனியாண்டி பெரட்டுத் தப்பை அடிக்கத் தொடங்கினார். லயங்களில் கதவுகள் திறந்தன. சவரிமுத்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த அடிக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாமல், தன்பாட்டில் மெதுவாக முனகிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தோம். பெரட்டுத் தப்பு விழுந்தால் சங்கிலிப்பாலத் தோட்டமே துள்ளி எழும்பி வரிசையில் போய் நிற்கும். என் மகள் மட்டும் சிரித்துக்கொண்டே புரண்டு படுத்து, இன்னும் நன்றாகத் தூங்குவாள்.